இருக்கக் கூடாத ஒரு கோடு

அந்தத் தூள் வந்து சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் அடுப்புக்கரியைச் சுரண்டிப் போட்டது போலக் கொஞ்சம் கறுப்பு. அவ்வளவுதான். கூட வந்த கடிதத்தில், மூன்று சோதனை வில்லை போடத்தான் காணும், கவனம் என்று என் பேராசிரியர் எழுதியிருந்தார். கவனம் என்ற சொல்லின் கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன, கோதுமை மாவைப் போல அதைக் கொட்டிச் சிந்தவா போகிறேன்?

அது என்ன தூள் என்று சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ நாற்பது கோடி வருடங்களுக்கு முன்பு தரையில் மரம் என்று ஒன்று கிடையாது. இருந்த செடிகள் கணுக்கால் உயரத்துக்கு மேல் வளரவில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே ஏதோ ஒன்று, கிளையும் இல்லாமல் இலையும் இல்லாமல், வீட்டுக் கூரையையும் தாண்டி நெட்டையாக நின்றிருக்கிறது. அது கல்லாகிக் கிடைத்தது. முதலில் பார்த்தவர் உக்கிப்போன மரம் என்றார். அடுத்து வந்தவர் கடற்பாசி என்றார். பிறகு வந்தவர்கள் காளான் என்றார்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் சண்டை ஓயவில்லை. என் பேராசிரியர் அந்தக் கல்லில் ஒரு துண்டை அமிலத்தில் கரைத்து, கரையாமல் மிஞ்சிய கரிப்பொருளை எடுத்துக் குப்பியில் அடைத்து அனுப்பியிருந்தார்.

நான் அவரிடம் வெளிநாட்டில் நான்கு வருடம் ஆய்வு செய்தேன். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் பரீட்சகர்கள் கை வைத்துவிட்டார்கள். இதே அளவீட்டை வேறோர் ஆய்வுகூடத்தில், வேறொரு கருவியில் செய்து காட்டினால்தான் ஏற்போம் என்றார்கள். அதற்குள் என் விசா முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி மட்டக்களப்பில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். அங்கே ஒரு பழைய செந்நிறக்கீழ்க் கதிர்க் கருவி, அதாவது அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் கருவி, இருந்தது. வருட முடிவுக்குள் நான் அளந்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அத்தியாயம் போய்விடும். அந்த அத்தியாயம் போனால் என் ஆய்வேட்டில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்றே அப்போது நம்பினேன்.

வேலை கேட்பதற்கு லேசானது. தூளில் ஒரு சிட்டிகையைப் பொற்றாசியம் புரோமைட்டு என்ற உப்போடு சேர்த்து, உள்ளங்கை அளவு அகேட் கல்லுரலில் மாவாக அரைக்க வேண்டும். அதை அழுத்திக் கண்ணாடி போன்ற மெல்லிய வில்லையாக்க வேண்டும். வில்லையின் ஊடே கண்ணுக்குத் தெரியாத கதிரை விட்டால், உள்ளே இருக்கும் பொருள் எது எதை விழுங்குகிறது என்பது கணினித் திரையில் கோடு கோடாக விழும். நண்டு, இறால் ஓட்டிலும் காளானிலும் கைற்றின் என்ற பொருள் இருக்கிறது. அதன் எச்சம் ஒரு விதக் கோடு தரும். மரத்தில் இருக்கும் லிக்னின் வேறு விதக் கோடு தரும். நாற்பது கோடி வருடம் கழித்தும் அதன் சாயல் கொஞ்சம் மிஞ்சும்.

நான் மரத்தின் பக்கம். ஏனென்று கேட்டால் அப்போது பத்துக் காரணம் சொல்லியிருப்பேன். உண்மையில் நான்கு வருடம் ஒன்றையே எழுதிவிட்டு மாற்றி எழுத எனக்கு அலுப்பு.

உப்பை உலர்த்துவதே பெரும்பாடு. ஐப்பசி பிறந்தால் எங்கள் வாவிப் பக்கத்தில் காற்றே ஈரம். அந்த உப்போ ஈரத்தைக் கண்டால் விடாது. வில்லை வெளியே வந்து இரண்டு நிமிடத்தில் புகை படர்ந்தது போல மங்கிவிடும். எனக்குப் பத்தில் ஒன்று சரிவந்தால் அதிகம். நானாவுக்குப் பத்தும் சரிவரும்.

நானா, அதாவது அண்ணன், என்று நாங்கள் கூப்பிட்டவர் காத்தான்குடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஆய்வுகூட உதவியாளர். கட்டாரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையொன்றின் ஆய்வுகூடத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். எங்களிடம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார். அழுத்தியின் கைப்பிடியை அவர் இறக்கும்போது பார்க்க வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே சீராக இறக்குவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தால் அவர் நிற்கும் பக்கம் சந்தன அத்தர் மணக்கும். மற்ற நாட்களிலும் லேசாக மணக்கும்.

தூள் வந்தது நவராத்திரிக் கிழமை. அரைப்பதற்கு முன் வெறும் உப்பில் ஒரு வில்லை போட்டு, உரலும் உப்பும் சுத்தம்தானா என்று பார்ப்பது முறை. பார்த்தேன். திரையில் ஈரத்தின் கோட்டைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்த நாள் மாணவர்கள் வாணி விழாவுக்கு மண்டபத்தைச் சோடித்தார்கள். எங்கள் வீட்டில் இந்த நாளில் அப்பா மண்வெட்டியையும் அம்மா தையல் மெசினையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். அது போல நானும் என் அகேட் உரலையும் குழவியையும் கொண்டுபோய்ப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். உரலின் விளிம்பில் ஒன்று, குழவியின் தலையில் ஒன்று, சந்தனம் குழைத்துக் குங்குமத்தோடு நானே பொட்டு வைத்தேன்.

பூசையில் வைத்ததை விஜயதசமியன்று எடுத்து ஏதாவது ஒன்றைத் தொடங்க வேண்டும். தொடங்கினால் கைகூடும். சின்னப் பிள்ளைக்கு ஏடு தொடக்குவதும் அன்றைக்குத்தான். எங்கள் ஊரான பழுகாமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். உரலை எடுத்து உட்குழியை அசற்றோன் திரவத்தால் துடைத்தேன். பொட்டைத் தொடவில்லை. நல்ல நாளில் அதை யாராவது அழிப்பார்களா? குழவியின் தலையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் அரைத்தேன். நானா வந்தார், உரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மாவை வாங்கிக்கொண்டு போய் அழுத்தி, தெளிந்த தண்ணீர் போன்ற ஒரு வில்லையைக் கொண்டுவந்து தந்தார்.

கோடு வந்தது. அலையெண் ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்தில், ஊசி குத்தியது போல, லிக்னினின் கோடு. நான் உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்து எழும்பி அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன். நானாவுக்குக் காட்டினேன். "மரம் நானா, மரம்!" என்று கத்தினேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு புதிசாவா மிஸ் இரிக்கும்?" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அப்போதே பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.

பதில் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் மனுசியாக இருக்கவில்லை. விரிவுரைக்கு நடுவே தொலைபேசியைப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தேன். "கல்லே கரியாகிக் கிடக்கு, அதுக்காக நீயும் ஏன் புள்ள கரியாகிப் போறாய்?" என்று அம்மா ஏசினார். பேராசிரியர் எழுதியிருந்த பதில் நான்கு வரி: ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்தில் வந்த கோடு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஆயிரத்து எழுநூற்று முப்பத்தைந்தில் இன்னொன்று நிற்கிறதே, அதைப் பார்த்தாயா? இவ்வளவு பழைய பொருளில் அது தப்பியிருக்க வழியில்லை. உன் வில்லையில் புது மரம் கலந்திருக்கிறது, எங்கிருந்து?

இருக்கக் கூடாத கோடு. அதை நானும் பார்த்திருந்தேன். பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். இப்போது அதைப் பிறர் சொன்னதும் எனக்கு முகம் கொதித்தது. புது மரம் எங்கிருந்து வரும்? ஆய்வுகூடத்தில் மேசைகூட இரும்பு. மூளை ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றது. சந்தனம். வில்லையைத் தொட்டது யார்? யார் கையில் சந்தனம் மணக்கிறது?

பத்து மணித் தேத்தண்ணி நேரம். துறைத் தலைவரும் இரண்டு விரிவுரையாளர்களும் இருந்தார்கள். நானா ஓரத்தில் கோப்பையோடு நின்றார். நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "நானா, உங்கட அத்தராலதான் என்ட சாம்பிள் பழுதாப் போயிட்டு. ஆய்வுகூடத்துக்கு வரக்குள்ள அதப் பூசிக்கிட்டு வரலாமா?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

நானா என் பக்கம் திரும்பினார். கோப்பையை வைத்தார். "மிஸ், அத்தர் எண்ணெய்தானே. எண்ணெயெண்டா மூவாயிரத்துக்குக் கிட்டவல்லவா கோடு பெரிசா வரும்? இது மரத்துட கோடு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அவர் சொன்னது சரி. முதலாம் வருட மாணவனுக்குக்கூடத் தெரிய வேண்டிய விசயம். நான் முனைவர் பட்டத்துக்குப் படித்தவள், "எனக்குப் படிப்பிக்க வேணாம்" என்றேன்.

தலைவர் சச்சரவு பிடிக்காத மனிதர். அன்று பின்னேரமே கருவி அறைத் திறப்புச் சாவியை நானாவிடமிருந்து வாங்கிவிட்டார். இனிக் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலையைப் பாருங்கள், மார்கழியில் ஒப்பந்தம் வரும்போது யோசிப்போம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை நானா தொழுதுவிட்டு வந்தபோது அவரிடத்தில் எந்த மணமும் இல்லை. எனக்கு அது திருப்தியாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது.

அதற்கு ஒன்றரைக் கிழமை கழித்து இரண்டாவது வில்லைக்கு அரைத்தேன். இந்த முறை நானே அழுத்தினேன். நாலாவது தடவையில்தான் உடையாமல் வந்தது. உடைந்ததையெல்லாம் திரும்ப அரைத்து அரைத்துப் போட்டேன். வெளியே மழை விடாமல் அடித்தது. கருவிக்குள் வைத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆயிரத்து எழுநூற்று முப்பத்தைந்தில் அதே கோடு. போன முறையைவிடப் பெரிதாக.

நானா அந்த அறைக்குள் கால் வைத்துப் பத்து நாளுக்கு மேலாகிவிட்டது. கதிரையில் இருந்தேன், எழும்பினேன், திரும்ப இருந்தேன். கடைசியில் அன்றைக்கே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வெறும் உப்பை மட்டும் உரலில் போட்டு அரைத்தேன். தூள் இல்லை, கல் இல்லை, உப்பு மட்டும். அதிலும் அந்தக் கோடு வந்தது. நாற்பது கோடி வருடக் கல்லுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. குழவியைப் பார்த்தேன். அதன் தலையில் நான் வைத்த பொட்டு பாதி உதிர்ந்துபோயிருந்தது. என் விரல் ரேகைக்குள் மஞ்சளாக ஒட்டியிருந்தது. கடையில் விற்கும் சந்தனத் தூள் மரத்தூள்தான். பூசைக்கு முன் வெறும் உப்பைச் சோதித்தவள், பூசைக்குப் பிறகு சோதிக்கவில்லை.

குழவியையும் உரலையும் கழுவினேன். இப்போது ஒரு கூச்சமும் வரவில்லை, தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அடுத்த நான்கு நாளை நான் கழித்த விதம் எனக்கே பிடிக்கவில்லை. குப்பியில் ஒரு வில்லைக்குத் தூள் இருந்தது. உரல் இப்போது சுத்தம். பேராசிரியருக்கு ஏற்கெனவே, உதவியாளரின் அத்தர்தான் காரணம், அவரை மாற்றிவிட்டோம் என்று எழுதியிருந்தேன். பேசாமல் மூன்றாவது வில்லையைப் போட்டால் சுத்தமான முடிவு வரும். அத்தியாயம் பிழைக்கும். நானாவின் ஒப்பந்தத்துக்கு நான் பிறகு ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ளலாம். மாறாக உண்மையைச் சொன்னால், வெறும் உப்பைக்கூடச் சோதிக்காமல் இரண்டு வில்லையைப் பாழாக்கியவளிடம் யார் மூன்றாவதை விட்டு வைப்பார்கள்?

இந்த இரண்டுக்கும் நடுவே நான் ஊசலாடினேன். வேலை முடிந்ததும் பஸ்ஸுக்குப் போகாமல் வாவிக்கரையில் நடந்தேன். தோணியிலிருந்து வலை இழுத்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பஸ் காத்தான்குடியைத் தாண்டும்போது யன்னல் பக்கம் திரும்பவில்லை. ஒரு நாள் உப்பை உலர்த்தி, தூளைக்கூட நிறுத்து எடுத்துவிட்டேன். பிறகு அதைத் திரும்பக் குப்பியில் போட்டேன். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அந்தப் பக்கம் போகாமல், மற்றப் பக்கத்துக் கதவால் சுற்றிப் போய்வந்தேன்.

ஐந்தாம் நாள் பேராசிரியருக்கு எழுதினேன். உரல், பூசை, பொட்டு எல்லாவற்றையும் எழுதினேன். அவருக்கு அது விளங்கத் தனியாக ஒரு பந்தி எழுத வேண்டியிருந்தது. உதவியாளர் மீது தவறில்லை என்பதையும் எழுதினேன். அன்றே பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி, மீதியைத் திருப்பி அனுப்பிவிடு. அதில் கோபம் இருந்ததா என்று ஐந்து முறை வாசித்தேன். இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

குப்பியைப் பஞ்சில் சுற்றித் தபாலில் போட்டேன். அங்கே வேறொரு மாணவி அதை இன்னோர் ஆய்வுகூடத்தில் அளந்தாள். பல மாதம் கழித்து அவளுடைய முடிவை எனக்கும் அனுப்பினார்கள். மரத்தின் கோடு இல்லை. கைற்றினின் கோடும் இல்லை. நமக்குத் தெரிந்த எந்த வம்சத்தோடும் அது சேரவில்லை, அடியோடு அற்றுப்போன ஏதோ ஒரு கூட்டமாக இருக்கலாம் என்று அவள் எழுதியிருந்தாள். என் ஆய்வேடு அந்த அத்தியாயம் இல்லாமல், மெலிந்துபோய், பிறகு எப்படியோ தேறியது. அவ்வளவு தவித்துக் காப்பாற்றப் பார்த்த என் மரம் முதலிலிருந்தே அங்கே இல்லை.

ஆனால் தபாலில் போட்ட அந்த நாளில் இது ஒன்றும் தெரியாது. தூரத்தில் இருப்பவருக்கு எழுதுவது சுலபம், அதை முதலில் செய்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் பத்து மணித் தேத்தண்ணி. தலைவர் இருந்தார், அதே இரண்டு பேர் இருந்தார்கள், நானா ஓரத்தில் நின்றார். எழும்பி நின்று சொன்னேன். "நானாட அத்தர் இல்ல. உரலில நான் வெச்ச சந்தனப் பொட்டுத்தான். நான் எல்லாருக்கும் முன்னால சொன்னது பிழை, நானா. மன்னிச்சுக்கொள்ளுங்க." தலைவர் தொண்டையைச் செருமி, "சரி, சரி, முடிஞ்ச விசயம்" என்றார். திறப்பை மேசையில் வைத்து நானா பக்கம் தள்ளினார். மார்கழியில் ஒப்பந்தக் கடிதமும் பிரச்சினை இல்லாமல் வந்தது. அன்றைக்கு நானா திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

கருவி அறைக்குப் போயிருப்பார் என்று பார்த்தேன். இல்லை. குழாயடியில் நின்று, காலையில் தொடங்கிய பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவர்தான் முதலில் பேசினார்.

"அது பொட்டாத்தான் இரிக்குமெண்டு எனக்கு அண்டைக்கே ஒரு யோசின, மிஸ்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எண்டைக்கு?"

"நீங்க அரைச்ச அண்டைக்கே. குழவிட தலையில கண்டன். கையில ஒட்டி உள்ளுக்கு உழுமே எண்டு நினைச்சன்."

"மறுகா ஏன் நானா சொல்லல்ல? நான் அவ்வளவு பேருக்கு முன்னால உங்களப் பேசக்குள்ளகூட நீங்க சொல்லல்லியே?"

அவர் ஒரு குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் ஏதோ ஒட்டியிருந்தது, திரும்பத் தண்ணீருக்குள் விட்டார்.

"நீங்க சாமிக்கு வெச்ச பொட்டு. அத அழிங்கெண்டு நான் எப்பிடி மிஸ் சொல்லுற? நான் சொன்னா இஞ்ச அது வேற கதையாப் போகும். உங்களுக்கு என்ட அத்தரச் சொல்ல ஏலும். எனக்கு உங்கட பொட்டச் சொல்ல ஏலா."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தொட்டிக்குள் கிடந்த குடுவைகளில் ஒன்றை எடுத்தேன்.

"வெயுங்க மிஸ்," என்றார் நானா, என் கையைப் பார்த்தபடி. "உடைஞ்சிரும்."